எடை மெஷினோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள்

பெண்நோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம். பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கும் பெண் பருமனாக இருந்தால் "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறீர்கள். அந்த மனத்தாங்கலை அவர்கள் எழுதட்டும். நான் எழுதுவது என்னைப் போன்ற ஒல்லியானவர்களைப் பற்றி. எங்களிடம் குறைக்கச் சொல்ல எதுவும் இல்லாததால், சொல்வதற்கே எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது, தாடையில் முடி முளைக்கிறது, ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. இவற்றோடு வந்த என்னிடம் ஒரு மருத்துவர் மெஷினில் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கென்ன, ஒல்லியாகத்தானே இருக்கிறீர்கள், சர்க்கரையெல்லாம் வராது" என்றார். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்கவில்லை. கழுத்தின் பின்புறத்தையும் பார்க்கவில்லை. அங்கே தோல் கறுத்துத் தடித்திருந்தது; உடம்பில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தேன். விலக்கு வர மாத்திரை எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

பிறகு வேறொருவர் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்: 91. அதோடு விடாமல் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து மறுபடி எடுத்தார்: 162. அது 140-க்குள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை என்றே எழுதியிருப்பார்கள்.

உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் பெண்களுக்காகச் சொல்கிறேன். தசைகள் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. அதனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை பல காலம் ஒழுங்காகவே தெரியும். ஆனால் சினைப்பை இன்சுலினுக்குக் காதைப் பொத்திக்கொள்வதில்லை. மிகுதியான இன்சுலின் அங்கே ஆண் ஹார்மோன்களைக் கூட்டுகிறது; கல்லீரலில், அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் குறைக்கிறது. தாடையில் முடி முளைப்பதும் கருமுட்டை முதிராமல் நின்றுபோவதும் இதன் விளைவாகவும் நேர்கின்றன. உடல் எடை இதைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் பருமன் இல்லாத பெண்களிடமும் இந்த இன்சுலின் எதிர்ப்பு இருப்பதை ஆண்ட்ரியா டுனைஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1989-லேயே எழுதிவிட்டார்கள். ஒல்லியான எல்லோருக்கும் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு இருக்கிறது என்பதை மெஷினில் ஏற்றிக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன்.

2023-இல் புதுப்பிக்கப்பட்ட, பிசிஓஎஸ் பற்றிய சர்வதேச வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. எடை எதுவானாலும் பிசிஓஎஸ் உறுதியானதும் சர்க்கரை நிலையைப் பாருங்கள். பின்னர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பாருங்கள். அதற்குக் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்ப்பதே துல்லியம். இன்சுலின் அளவையும் பாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பரிசோதனை அன்றாட சிகிச்சைக்குப் போதிய நம்பகமானதில்லை என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது, ஏற்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் நீங்கள் தவறவிடக் கூடாது. விலக்கு நின்றுபோன ஒல்லியான பெண்ணுக்கு எல்லாம் பிசிஓஎஸ் என்று முத்திரை குத்துவதும் ஆபத்து. போதிய உணவு இல்லாமல், அளவுக்கு மீறிய உடற்பயிற்சியால், மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் தூண்டுதலே அடங்கிப்போயிருக்கலாம். அவளுடைய ஸ்கேனிலும் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் அதே சிறு பைகள் தெரியலாம். அவளிடம் "சோற்றைக் குறையுங்கள்" என்பது கொடுமை. அவள் கூடுதலாகச் சாப்பிட வேண்டியவள். என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு ஓடுகிறாய் என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். விலக்கைத் தள்ளிப்போடக்கூடிய தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் அளவுகளையும் பார்த்துவிடுங்கள்.

எங்களில் இன்சுலின் எதிர்ப்பு இருப்பவர்களுக்கு, எடை குறைப்பைத் தவிர வேறு அறிவுரையும் உண்டு. தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி எடை குறையாமலேயே பலன் தரும். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை வேண்டுமா என்பதை எங்களோடு பேசி முடிவெடுங்கள். ஒல்லியானவர்களிடம் அதற்கான சான்று குறைவு என்றால் அதையும் சொல்லுங்கள், புரிந்துகொள்வோம்.

கடைசியாக ஒன்று. குழந்தைக்குத் திட்டமிடுகிறேன் என்று ஒல்லியான பிசிஓஎஸ் பெண் வந்தால், கருத்தரிப்பதற்கு முன்பே அந்தக் குளுக்கோஸ் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். முன்பே செய்யாமல் கருத்தரித்துவிட்டால் முதல் வருகையிலேயே பாருங்கள், 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறையும் பாருங்கள்.

இப்படிக்கு,
எடை சரியாக இருந்ததால் பரிசோதிக்கப்படாத ஒருத்தி