அந்த சர்வரை விட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 'தி பார்ட்டி' (1968) என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பீட்டர் செல்லர்ஸை வாயாரப் புகழ்ந்த கட்டுரையாளர், குடித்துவிட்டுத் தள்ளாடும் அந்த சர்வரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

ஸ்டீவ் ஃபிராங்கன் ஏற்ற வேடம் அது. வசனம் இல்லையென்றே சொல்லலாம். விருந்தாளிப் பட்டியலில் தவறுதலாகப் பெயர் ஏறி, பெரிய இடத்து விருந்துக்கு வந்துவிடும் இந்திய நடிகர் பக்‌ஷி (செல்லர்ஸ் ஏற்ற வேடம்), மது வேண்டாம் என்று பணிவாகச் சொல்கிறார். சர்வர் கோப்பையைப் பார்க்கிறார், வீணாக்குவானேன் என்று தானே குடித்துவிடுகிறார். இவர் மறுக்க மறுக்க அவருக்குப் போதை ஏறுகிறது. ரகளைக்கு விதை அங்கேயே விழுந்துவிடுகிறது.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேசை! சர்வர் வெறுங்கையால் சாலட்டை அள்ளி வைக்கிறார். பக்‌ஷியின் தட்டிலிருந்து பறந்த கோழி ஒரு பெண்மணியின் தலையில் போய்ச் செருகிக்கொள்கிறது. எடுக்கப்போன சர்வர் கோழியோடு விக்கையும் சேர்த்துத் தூக்கி வருகிறார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். சமையலறைக் கதவு ஆடித் திறக்கும்போது, உள்ளே தலைமை சர்வர் இவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. முன்னால் விருந்து நடந்துகொண்டே இருக்கிறது. யானையும் நுரையும் வரும் கடைசிப் பகுதியைவிட எனக்கு இதுதான் உசத்தி. அங்கே ஆரவாரம்தான் அதிகம்.

இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் கையில் இருந்த திரைக்கதை சுமார் 60 பக்கம்தான். மீதியைத் தளத்திலேயே நடிகர்களோடு சேர்ந்து வளர்த்தார். ஃபிலிம் கேமராவோடு வீடியோ கேமராவையும் பொருத்தி, எடுத்ததை உடனே போட்டுப் பார்த்து அடுத்த டேக்குக்குப் போனார்கள். அப்படி உருவான படத்தில் பாராட்டு முழுவதையும் ஒருவருக்கே கொடுப்பது நியாயமா?

இன்னொன்று. வெள்ளைக்கார நடிகர் முகத்தில் சாயம் பூசி இந்தியராக வந்ததை, 'அந்தக் காலத்து வழக்கம்' என்று ஒரே வரியில் கட்டுரை கடந்துவிட்டது. பக்‌ஷி நல்ல மனிதர், யாரையும் நோகடிக்காதவர் என்பது சரி. ஆனாலும் நம் ஆட்கள் பேசும் ஆங்கிலத்தையே சிரிப்புக்குப் பொருளாக்கியது எனக்கு வலிக்கிறது. ரசித்துக்கொண்டே இதையும் சொல்லலாம், சொல்லியிருக்க வேண்டும்.

நகைச்சுவைப் படங்களில் பேசாமலேயே சிரிக்க வைத்த துணை நடிகர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். ஃபிராங்கனிடமிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
தங்கள் வாசகர்