பால்கனியில் ஏன் வேறு கொடி?

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கே அத்தை, பாட்டி எல்லோரும் நலம்தானே? நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஸ்பெயின் ஊரில் பால்கனிக்குப் பால்கனி வேற ஏதோ கொடி தொங்குதே, அவங்க ஸ்பெயின்காரங்க இல்லையா?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற சமாச்சாரமா அது? அது கட்டலோனியாக் கொடி. ஸ்பெயினின் வடகிழக்கில் கட்டலான் என்று தனி மொழியே உள்ள பகுதி அது, பார்சிலோனாவும் அதில்தான். எப்படி அங்கே வந்தது என்பதை ஆயுசில் பாதியை மில்லில் கழித்த உங்களுக்குச் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

நான் இருக்கும் தெராஸ்ஸா, பார்சிலோனாவுக்குப் பக்கத்து ஊர். கம்பளித் துணிக்குப் பேர் போனது. 1907-இல் கட்டத் தொடங்கிய பெரிய மில் ஒன்று இப்போது அருங்காட்சியகம். நீங்கள் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். ரம்பப் பல் மாதிரி நார்த் லைட் கூரை, நீராவி எஞ்சின், வரிசையாக மெஷின்கள், எல்லாம் உங்களுக்குப் பழகினவைதான். எண்ணெய் வாடையும் சத்தமும்தான் இல்லை.

சாயங்கால மொழி வகுப்பில் எங்கள் டீச்சர் இலக்கணத்தைவிட இலக்கியத்தைத்தான் அதிகம் நடத்துகிறார். அவர் புண்ணியத்தில் இந்த ஊர்க் கதை கொஞ்சம் தெரிந்தது. பார்சிலோனாவில் நீராவியை நம்பி முதலில் எழுந்த பஞ்சாலை போனாப்லாட்டா என்பவருடையது. 1833 வாக்கில் ஓட ஆரம்பித்தது. 1835 ஆகஸ்டில் ஒரு கலவரத்தில் கூட்டம் புகுந்து தீ வைத்துவிட்டது. அது ஓடத் தொடங்கிய அதே 1833-இல், அதே ஊரில், 'நீராவி' என்ற பெயரிலேயே வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகையில் அரிபாவ் என்பவர் எழுதிய கட்டலான் கவிதை வெளியானது. அவர் மட்ரிட்டில் ஒரு பேங்க் முதலாளியிடம் வேலை பார்த்தவர். முதலாளிக்கு வாழ்த்தாக எழுதியது. பாட்டு முழுக்க ஊர் மலையும் தாய்மொழியும் பிரிவின் ஏக்கமும்தான். கட்டலான் இலக்கியத்தின் மறுமலர்ச்சியை அந்தப் பாட்டிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

1859-இல் பார்சிலோனாவில் இடைக்காலத்துக் கவிதைப் போட்டி ஒன்றைத் திரும்ப நடத்தத் தொடங்கினார்கள். தாயகம், பக்தி, காதல் என்று மூன்று தலைப்புகள். சுற்றிலும் மில் புகை மண்டிக்கிடக்க, சபையில் பாடியதெல்லாம் மலைகளையும் பழைய மன்னர்களையும். அந்தப் பாட்டுகளைப் பாதி புரிந்தும் புரியாமலும் படித்தேன். அழகுதான். ஆனால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது: நெய்தவர்கள் எங்கே?

சரி, இதே தொழிற்சாலை நாடு முழுக்க வந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். வந்ததோ பெரும்பாலும் ஓரங்களில்: இங்கே துணி, வடக்கே பாஸ்க் நாட்டில் இரும்பு. நடுவிலிருந்த காஸ்டில் பகுதியில் கோதுமையும் ஆடும்தான் அதிகம். அதிகாரம் நடுவில், பணம் ஓரத்தில். சண்டைக்கு இது போதாதா? 1898-இல் அமெரிக்காவிடம் தோற்று கியூபா, பிலிப்பைன்ஸ் எல்லாம் கைவிட்டுப் போனபோது, இங்கத்து மில்களுக்கு நல்ல சந்தையும் போனது. "ஸ்பெயின் என்பதுதான் என்ன?" என்று எழுத்தாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது அப்போதுதான். அவர்கள் பதில் தேடிய இடம் காஸ்டிலின் வறண்ட வெளி. உனாமுனோ இரும்பு ஊரான பில்பாவோவில் பிறந்தவர், மச்சாதோ தெற்கே செவில்லாவில், அசோரின் கிழக்கே அலிகாந்தே பக்கம். மூவரும் வெளியூர்க்காரர்கள், மூவருக்கும் நாட்டின் ஆன்மா தென்பட்டது புகைபோக்கி இல்லாத அந்த வயல்வெளியில். கட்டலான் கவிஞர்கள் மலைப் பக்கம் திரும்பினார்கள், இவர்கள் வயல் பக்கம். ஆலைக்கு முதுகு காட்டியதில் இரு தரப்பும் ஒன்று.

நேராக ஆலைக்குள் நுழைந்தவர் ஒரு பெண், எமிலியா பார்தோ பாசான். ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவில் ஆ கொருன்யா என்ற துறைமுக ஊர். அங்கே ஆயிரக்கணக்கில் பெண்கள் சுருட்டுச் சுற்றிய புகையிலைத் தொழிற்சாலை. பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், தானே உள்ளே போய்ப் பார்த்து 1883-இல் 'லா திரிபூனா' நாவலை எழுதினார். அதில் வரும் அம்பாரோ தெருவில் வேஃபர் பிஸ்கட் விற்பவரின் மகள். மற்றவர்கள் கை ஓயாமல் சுருட்டுச் சுற்ற, அவள் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுவாள். படித்துப் படித்துக் குடியரசுக் கட்சிப் பேச்சாளியே ஆகிவிடுகிறாள். ஒரு ராணுவ அதிகாரி கல்யாணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றிவிட, 1873-இல் குடியரசு அறிவித்த அன்றைக்கே அவளுக்குப் பிள்ளை பிறக்கிறது. குடியரசு பிறந்த நாளில் அவளுக்கு மிஞ்சியது அதுதான்.

இன்னொன்று கிளாரின் என்ற எழுத்தாளர் எழுதிய 'அதியோஸ், கோர்தேரா' என்ற சின்னக் கதை. வடக்கே அஸ்தூரியாஸ் பகுதியில் ஒரு மேய்ச்சல் நிலம், இரட்டைப் பிள்ளைகள், ஒரு பசு. நிலத்தின் ஓரமாக ரயில் பாதையும் தந்திக் கம்பமும் வருகின்றன. பையன் கம்பத்தில் ஏறுவான். உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கானைத் தொடமாட்டான், பயம். கூடப் பிறந்தவள் கம்பத்தில் காதை வைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்பாள். குத்தகை பாக்கிக்காகப் பசுவை விற்க, ரயில் அதைக் கசாப்புக்குக் கொண்டுபோகிறது. சில வருஷம் கழித்து அதே ரயில் பையனையும் பட்டாளத்துக்கு அள்ளிப்போகிறது. அவனுக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ ராஜாவின் சண்டை. தேசம் என்பது அந்தக் குடும்பத்துக்கு அப்படித்தான் அறிமுகமாகிறது. வகுப்பில் இதைப் படித்துவிட்டு யாரும் பேசவில்லை, டீச்சர் உட்பட.

எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி தெற்கே அந்தலூசியாவிலிருந்து சின்னப் பெண்ணாக வந்தவர். மில்லில் நூல் சுற்றும் வைண்டிங்கில் வேலை. அப்படிப் பிழைக்க வந்தவர்கள் ஆற்றுப்படுகையில் குடிசை போட்டிருந்தார்கள். 1962 செப்டம்பர் 25 ராத்திரி வெள்ளம் வந்து இந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானவர்களை அடித்துப்போனது. இரண்டு வருஷம் கழித்து, தானும் அப்படி வெளியிலிருந்து வந்தவரான பிரான்செஸ்க் கந்தெல் 'மற்ற கட்டலான்கள்' என்று ஒரு புத்தகம் போட்டார். இங்கே வந்து உழைப்பவர்களும் கட்டலான்கள்தானே என்பது அவர் வழக்கு. 'நெய்தவர்கள் எங்கே?' என்று கவிதைப் போட்டிக்காரர்களிடம் நான் கேட்ட கேள்விக்கு இவர்தான் எனக்குப் பதில் சொன்னார். பாட்டிக்கு இன்னும் கட்டலான் சரியாக வராது. பால்கனியில் கொடி கட்டியது அவர் பேத்தி.

கோயம்புத்தூர் மில்லில் என் மாமா இருந்தார் என்று சொன்னதிலிருந்து பாட்டி விடுவதாயில்லை. உங்கள் மில்லில் வைண்டிங்கில் பெண்கள் இருந்தார்களா, ராத்திரி ஷிப்ட் உண்டா, சம்பளம் வாரத்துக்கா மாதத்துக்கா என்று ஒரே கேள்வி. விவரமாக எழுதி அனுப்புங்கள். நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன். யூனியன் ஆட்களோடு நீங்கள் எடுத்த பழைய குரூப் போட்டோ இருந்தால் அதையும் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்