பலூன் கடைக்கு ஒரு கோணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மூக்குக்கண்ணாடியில் இடது பக்கம் கடுகளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அது விழுந்த கதைக்கும் நம் கடலூர் சில்வர் பீச்சில் பலூன் சுடும் கடைகளுக்கும் சம்பந்தம் இருப்பதால் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் இருந்த என் மாமா ஒரு 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். 1971இல் லீவில் வந்தபோது எனக்கு ஒரு ஏர் கன் கொண்டுவந்தார். அமெரிக்காவின் டெய்சி கம்பெனி செய்தது. காற்றாலை விற்றுக்கொண்டிருந்த கம்பெனி அது. 1880களில் காற்றாலை வாங்குபவருக்கு இனாமாகக் கொடுக்க ஆரம்பித்த துப்பாக்கியே பிறகு அவர்களுக்குப் பிழைப்பாகிப் போனது.

லீவரை இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையைத் தட்டினால் பிஸ்டன் பாய்ந்து, அந்தக் காற்று குண்டைத் தள்ளும். சைக்கிள் பம்பை ஒரே குத்தாகக் குத்துவது மாதிரிதான். மாமா கொடுத்த இரண்டு டப்பா குண்டு ஒரு மாதம்கூட வரவில்லை. அப்பாவின் வாடகை சைக்கிள் கடையில் பால்ரஸ் என்கிற சின்ன இரும்பு உருண்டைகளைத் திருடிப் போட்டுப் பார்த்தேன். சக்கரத்துக்குப் போடும் 3/16 இஞ்ச் பால்ரஸ் குழலுக்குள் நுழையவே இல்லை. பெடலுக்குப் போடும் 5/32 நுழைந்தது, துப்பாக்கியைச் சாய்த்ததும் உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. அதோடு துப்பாக்கி பரணுக்குப் போய்விட்டது.

போன மாதம் பரண் ஒழித்தபோது பேரன் கண்ணில் பட்டது. இழுத்தால் லீவர் வந்தது, தட்டினால் 'டப்' என்றது, குண்டு மட்டும் நகரவில்லை. பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு பிரித்தேன். அப்படியும் ஸ்பிரிங் துள்ளி அரிசி டின்னுக்குப் பின்னால் போய் விழுந்தது. கோளாறு அதில் இல்லை. பிஸ்டன் தலையில் இருக்கிற தோல் வாசர் கருவாட்டுத் துண்டாகச் சுண்டிக் கிடந்தது. காற்றெல்லாம் அதன் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தது.

பாடலீஸ்வரர் கோயில் பக்கம் செருப்பு தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். கையில் வாங்கி ஒரு தரம்தான் பார்த்தார். "அடிபம்பு வாசர்தானே சார், இது குட்டி" என்றார். அவர் வெட்டிக் கொடுத்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, பைப் துண்டில் மரக்கட்டையால் அழுத்திக் கிண்ணம் மாதிரி வளைத்து, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி போட்டேன். அவர் கேட்ட கூலி முப்பது ரூபாய்.

பேரன் வரவழைத்த 4.5 மி.மீ. இரும்புக் குண்டைப் போட்டு, மதிலை ஒட்டி வைத்த பால் பவுடர் டப்பாவுக்குக் குறி வைத்தேன். குறி தப்பியது. மதிலில் பட்ட குண்டு போன வழியே திரும்பி வந்து என் கண்ணாடியில் 'டிக்' என்றது. ஈயக் குண்டென்றால் பட்ட இடத்தில் நசுங்கியிருக்கும். இரும்பு துள்ளத்தான் செய்யும். பேரன் என் தோளை ஒட்டி நின்றிருந்தான். அவன் கண்ணாடி போடுவதில்லை.

அடுத்த ஞாயிறு சில்வர் பீச் போனபோது, வழக்கமாகச் சும்மா கடந்துபோகும் பலூன் சுடும் கடையில் நின்று பார்த்தேன். பிளைவுட் பலகையில் வரிசையாகப் பலூன். எனக்கும் இரும்புக் குண்டுதான் கொடுத்தார்கள். பலகைக்கு மூன்றடி தள்ளிக் கடைப் பையன் அடுத்த பலூனை ஊதிக்கொண்டிருக்கிறான். கயிற்றுக்கு மேலே ஐந்தாறு பிள்ளைகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கும் மறைப்பு இல்லை. (துப்பாக்கியின் குறி கோணலாக இருந்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அது அந்தத் தொழிலோடு பிறந்தது.)

வீட்டுக்கு வந்து ஒரு கோணிப்பையை இரண்டாக மடித்து, மதிலுக்கு ஒரு சாண் முன்னால் கொடியில் தொங்கவிட்டேன். பிறகு சுட்ட இருபது குண்டும் கோணியின் அடியில் விழுந்து கிடந்தன, ஒன்றுகூடத் திரும்பவில்லை. இழுத்துக் கட்டக் கூடாது, ஆடுகிற மாதிரி தளர்வாக விட வேண்டும்.

கடைகளை எடுக்கச் சொல்லி எழுதவில்லை. மாசி மகத்துக்கு, சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்தில் கூடும் கூட்டத்தில்தான் அவர்கள் நாலு காசு பார்ப்பார்கள். பலூனைப் பலகையில் குத்தாமல், கோணியைத் தொங்கவிட்டு அதற்கு முன்னால் கயிற்றில் கட்டட்டும். சுடுகிறவருக்கும் பலூன் ஊதும் பையனுக்கும் பட்டறையில் கிரைண்டிங் செய்பவர்கள் போடும் வெள்ளைக் கண்ணாடி கொடுக்கட்டும். பிள்ளைகளை நாலடி பின்னால் நிறுத்த இன்னொரு கயிறு போதும். கடைக்கு இடம் ஒதுக்கும்போதே மாநகராட்சி இதையும் சொல்லிவிட்டால் நல்லது.

கோணி கிடைக்காத கடைக்காரர் வந்தால், என் வீட்டில் நாலு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
திருப்பாப்புலியூர், கடலூர்.