கார்பன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

சிங்கப்பூர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலம்தானே. நம் நெல்வயலை வைத்துக் கார்பன் கிரெடிட் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்டு ஆட்கள் வருவதாக எழுதியிருந்தீர்கள். கிரெடிட் என்றால், பூமியைச் சூடாக்கும் வாயுவை ஒருவர் குறைத்ததை இன்னொருவர் தன் கணக்கில் காட்டக் காசு கொடுத்து வாங்கும் சீட்டு. அவசரப்படாதீர்கள். கிரெடிட் வாங்குகிறவர்கள் பக்கத்துக் கணக்கை முதலில் சொல்கிறேன்.

இங்கே வீடு, கடை, ரயில் எங்கும் ஏசி. மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில் வருகிறது. பெரிய ஆலைகள் விடும் கரிவாயுவுக்கு (கார்பன் டை ஆக்சைடு) வரி உண்டு: 2024, 2025-ல் டன்னுக்கு 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2026-ல் 45. வரி விழும் கரிவாயுவில் 5 சதவீதம் வரை, சிங்கப்பூரோடு ஒப்பந்தம் உள்ள நாடுகளில் கிரெடிட் வாங்கி ஈடுகட்டலாம். கடல் ஏறாமல் தடுக்க நூறாண்டில் 10,000 கோடி வெள்ளி ஆகலாம் என்று 2019-ல் பிரதமர் சொன்னார்; மறு ஆண்டே 500 கோடியில் நிதி தொடங்கிவிட்டார்கள். நமக்கு? 2018-ல் கஜா புயல் சாய்த்த தோப்பில் புதிதாக வைத்த தென்னை காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். ஏழை நாடுகளின் இப்படிப்பட்ட இழப்புக்கு ஒரு நிதி வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டதே 2022-ல்தான். புகை விட்டவர்களிடம் பணம், வாய்க்கால் கடைசியில் இருக்கும் நம் கடைமடையில் நஷ்டம். இது அநியாயம் அண்ணா.

கையெழுத்துக் கேட்கிறவர்கள் செய்யச் சொல்வது காய்ச்சலும் பாய்ச்சலும்தான்: வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கவிடாமல், கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. தண்ணீர் நிற்கும் சேற்றிலிருந்து வரும் மீத்தேன் என்ற சூடாக்கும் வாயு இதனால் குறையும்; அந்தக் குறைப்புதான் கிரெடிட். அது நல்ல முறை, ஒப்பந்தம் இல்லாமலும் செய்யலாம். ஓர் அடி நீளம், ஆறு அங்குல விட்டமுள்ள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, வரப்போரம் பாதி ஆழத்துக்கு இறக்கி, உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும். பிறகு குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. கட்டுங்கள். பூக்கிற சமயத்தில், முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம், காயவே விடக்கூடாது.

கெடுவது எங்கே என்றால், வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது நம் முறை வரத் தாமதமானால் 15 செ.மீ. தாண்டிக் காய்ந்து மகசூல் குறையும். போர்செட் உள்ளவருக்கே இது துணிந்து செய்யக்கூடியது. முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் மண் காய்ந்தால் உப்பு மேலே வரும். களை கூடும். யூரியா போட்டுக் காயவிட்டால் மீத்தேன் குறைந்தாலும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு சூடாக்கும் வாயு கூடும். சம்பாவில் ஐப்பசி மழைக்கு வயல் காயவே காயாது. குறுவைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

வருமானம்? ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் தெற்காசியச் சராசரியை வைத்துப் போட்டால், மூன்று மாவுக்கு (சுமார் ஓர் ஏக்கர்) ஒரு குறுவையில் சுமார் அரை டன் கரிவாயுவுக்குச் சமமான குறைப்பு. இங்குள்ள 45 வெள்ளி வரியோடு ஒப்பிட்டாலே 22 வெள்ளிதான். அளவெடுப்பு, தணிக்கை, இடைத்தரகு எல்லாம் அதிலிருந்தே போகும்.

ஆகவே பங்கு சதவீதம் பேசாமல், ஏக்கருக்கு இவ்வளவு என்று நடவுக்கு முன்பே பாதிப் பணம் கேளுங்கள். மழையால் வயல் காயாவிட்டால் அபராதம் கூடாது. கோயில் நிலக் குத்தகைக்காரருக்கு இது முக்கியம்: பட்டா யார் பேரில் இருந்தாலும் பணம் உழுகிறவருக்கே என்று எழுதியிருக்க வேண்டும். எத்தனை வருஷம் கட்டுப்படுத்தும், நடுவில் விலகலாமா என்பதையும் பாருங்கள். கிரெடிட்டை வெளிநாட்டுக்கு முறைப்படி விற்றால் அந்தக் குறைப்பை, உலக நாடுகளுக்குக் குறைப்பதாகச் சொன்ன தன் கணக்கில் இந்தியா காட்ட முடியாது. சுலபமான குறைப்பெல்லாம் முதலில் விலைபோய்விட்டால் கஷ்டமானதுதான் நமக்கு மிஞ்சும். யாருக்கு விற்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

படிவத்தைத் தமிழில் வாங்கி எனக்கொரு நகல் அனுப்புங்கள். தமிழில் தர மறுத்தால் அதோடு விட்டுவிடலாம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி