நாலாவது புத்தகம்

அன்புள்ள கண்ணா,

பார்சல் போன வாரமே வந்துவிட்டது. நாலு புத்தகம். மூன்றில் நீ எழுதிய துண்டுச்சீட்டு இருந்தது. நாலாவதில் ஒன்றும் இல்லை.

அந்தப் பல் டாக்டரின் கட்டுரைகளுக்குப் பணம் வந்ததா? இன்வாய்ஸ் அனுப்பினால் 45 நாளில் வரும் என்றாய். இரண்டு மாதம் தாண்டிவிட்டது. பாதிப் பணம் முன்னால் வாங்காமல் ஒரு வரியும் எழுதாதே. எத்தனை தடவை திருத்தித் தருவாய் என்பதையும் முதலிலேயே பேசிவிடு. பம்பு கம்பெனிக்காரர்கள் ஏழு தடவை மாற்றச் சொல்லிவிட்டு, கடைசியில் நீ முதலில் எழுதியதைத்தானே அச்சடித்தார்கள்? ஆனால் அந்தக் கையேடு நல்ல கையேடு. நம் மோட்டார் சும்மா சுற்றியபோது, ஃபுட் வால்வு கசிந்து குழாய்த் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று மெக்கானிக்கிடம் நானே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் பையன் எழுதியதில் படித்தேன் என்றேன்.

‘சூதாடி’ முடித்துவிட்டேன். 1866 நவம்பர் 1-க்குள் நாவல் தராவிட்டால், அடுத்த 9 வருடம் எழுதுவதையெல்லாம் பதிப்பாளர் காசு தராமலே போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம்; அதை எழுதிய ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி சொல்லச் சொல்ல, அன்னா என்ற பெண் சுருக்கெழுத்தில் எடுத்து 26 நாளில் முடித்தார்கள் என்று எழுதியிருந்தாய். கீழே, ‘என் கிளையன்ட்கள் தேவலை’ என்று வேறு. சிரித்தேன். அப்புறம்தான், கடன் கழுத்தை நெரித்ததால்தானே மனுஷன் அதில் கையெழுத்துப் போட்டார் என்று தோன்றியது. உனக்குக் கடன் ஒன்றும் இல்லையே? அடுத்த வருடமே அவர் அன்னாவைக் கல்யாணம் செய்துகொண்டதை நீ எழுதவில்லை. நீ விட்டதை நான் கண்டுபிடித்துவிடுவேன்.

ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1759-ல் அம்மாவின் இறுதிச் சடங்குச் செலவுக்காக ஒரே வாரத்து மாலைகளில் ஒரு கதை எழுதினார் என்று இன்னொரு சீட்டில் இருந்தது. எனக்காக அப்படி அவசரமாக எதுவும் எழுத வேண்டாம். மூன்றாவதை இன்னும் தொடவில்லை.

நாலாவது ஒரு பெரிய மனிதரின் சுயசரிதை. எழுதிக் கொடுத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. வெளியே சொல்லமாட்டேன், உரிமையும் கேட்கமாட்டேன் என்று எழுதியவர் கையெழுத்துப் போட்டிருப்பார். 63-ம் பக்கத்தில் அந்தப் பெரிய மனிதரின் அப்பா, ராத்திரி வேலை முடிந்து வரும்போது, தூங்குகிற பிள்ளைகள் முழித்துக்கொள்ளாமல் இருக்க, சைக்கிள் மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே தள்ளி வருகிறார்.

மூன்று நாள் அந்தப் புத்தகத்தை எடுக்கவில்லை. அது என்ன விலைக்குப் போயிற்று என்று உன்னிடம் கேட்க நினைத்தேன். கோபம்தான். முன்பணமாவது வாங்கினாயா?

ஆனால் எனக்கு அதைக் கேட்க வாயில்லை. அப்பா கணக்கு நோட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிவைத்ததெல்லாம் எங்கே என்று இரண்டு தடவை கேட்டாய். கரையான் அரித்துவிட்டது என்றேன். பொய். அவர் போன மூன்றாம் மாதம் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டேன். அலமாரியைத் திறந்தால் அந்தக் கையெழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, தாங்கவில்லை. பதினொரு நோட்டு. நான் ஒன்றைக்கூடப் பிரித்துப் படிக்கவில்லை. நீ படித்திருப்பாய்.

அப்புறம், புத்தகத்தில் வலது கை என்று இருக்கிறது. நம் அப்பா பொத்தியது இடது கையால். வலது கை சைக்கிள் சீட்டைப் பிடித்திருக்கும். உன் பெயரில் எழுதும்போது அதைச் சரியாகப் போடு.

பல் டாக்டருக்கு இன்னொரு தடவை நினைவூட்டு.

அம்மா