பூட்டு யாருக்கு?

மாப்ளே,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்குத் திட்டிவிட்டு அப்புறம் படி. இங்கே எல்லோரும் நலம். சோடாபுட்டி வேலை மாறிவிட்டான். வாய் மட்டும் அதேதான்.

ஓடும் படத்தின் மேல் பெரிய எழுத்தில் வசனம் காட்ட ஒரு எஃப்பிஜிஏ (நம் விருப்பப்படி உள்சுற்றை மாற்றிக்கொள்ளும் சிப்) பலகை செய்கிறேன் என்றேனே, அது வேலை செய்கிறது! கணினியை மாட்டினால் அருமை. படம் ஓட்டும் பெட்டியை மாட்டினால் திரை கறுப்பு. எல்லாம் எச்டிசிபி, அதாவது கம்பியில் போகும் படத்தை நகலெடுக்க விடாமல் பூட்டும் முறை, செய்யும் வேலை. பெட்டி சாவியைக் காட்டு என்கிறது, என் பலகையிடம் ஏது சாவி? இன்டெலின் துணை நிறுவனத்திடம் கட்டணம் கட்டி உரிமம் வாங்கி, சாவியை ரகசியமாக வைப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். சுற்று வரைபடம் முதல் நிரல் வரை ஊருக்கே திறந்து வைத்திருப்பவன் எதை எங்கே ஒளிப்பது? திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ முறையின் 2.1 பதிப்புக்குத் திறந்த லினக்ஸ் டிரைவர் எழுதிய சிப் நிறுவனம் ஏஎம்டிக்கே, அதை வெளியிட முடியாது என்று 2024-ல் எச்டிஎம்ஐ கூட்டமைப்பு சொல்லிவிட்டது. நான் எம்மாத்திரம்!

சரி, இந்த எச்டிசிபி பூட்டு திருடனையாவது தடுக்கிறதா? முதல் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் 56 பிட் சாவிகள் 40. சுமார் 40 கருவிகளின் சாவிகள் சிக்கினால் மொத்தமும் அம்பலம் என்று 2001-லேயே ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2010-ல், எல்லாக் கருவிச் சாவிகளையும் உருவாக்கும் தலைமைச் சாவியே இணையத்துக்கு வந்தது. உண்மைதான் என்று இன்டெலும் ஒப்புக்கொண்டது. 4கே-வுக்கென 2.2 பதிப்பு வந்தது, பழைய சாவி அதற்குச் செல்லாது. அதனால் 4கே படம் திருட்டுத்தனமாகச் சுற்றுவது நின்றுவிட்டதா என்ன? மாட்டிக்கொண்டது என்னைப் போன்றவன்தான்.

வன்பொருள் வித்தகர் பன்னி ஹுவாங் 2011-ல் செய்த நெட்டிவி பலகை நினைவிருக்கிறதா, ஓடும் படத்தின் மேல் எழுத்து காட்டுமே? அந்த மனிதர் பூட்டிய படத்தைத் திறக்கவே இல்லை. மேலே வர வேண்டிய புள்ளிகளை மட்டும், வெளியான அந்தத் தலைமைச் சாவியின் துணையோடு அதே மறையாக்கத்தில் (சாவி போட்டுப் பூட்டும் முறை) பூட்டி, அந்த இடத்தில் இருந்ததை எடுத்துவிட்டு வைத்தார். தொலைக்காட்சி திறக்கும்போது இரண்டும் சேர்ந்தே தெரியும். கில்லாடி வேலை! ஆனால் எழுத்துக்குப் பின்னால் படம் மங்கலாகத் தெரிய வேண்டுமானால் படத்தைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் அமெரிக்காவில் டிஎம்சிஏ என்ற காப்புரிமைச் சட்டத்தில், இத்தகைய பூட்டுகளை உடைக்கக் கூடாது என்னும் 1201-ஆம் பிரிவு பாயும். 2016-ல் அவர் அந்தப் பிரிவை எதிர்த்து வழக்கே போட்டார்.

எனக்கு மங்கல் வேண்டாம், கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து போதும். பழைய பதிப்புப் பெட்டிகளுக்கு மட்டும் அவர் வழியில் போகட்டுமா? காது கேளாதவருக்காகச் செய்வதற்கே வக்கீலைத் தேட வேண்டியிருப்பதுதான் எரிச்சல். நிரலை அனுப்புகிறேன், மறையாக்கப் பகுதியை மட்டும் பார்த்துச் சொல். வாத்தியாரிடம் காட்டிவிடாதே, கடையில் ஒரு டிவி வாங்கிக்கோயேன் என்பார்.