பிளீச்சிங் பவுடருக்கு கணக்கு எழுதுனோம், சங்கத்துக்கு யார் எழுதுறது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் விருதுநகர் பக்கம் 33 வருஷம் ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்து 2016ல ரிட்டயர் ஆனவன். ஒரு அகில இந்திய பொது சுகாதார சங்கத்துல ஆயுள் உறுப்பினர். சங்கத்தோட பேர் வேணாம், ஏன்னா வேற சங்கங்கள்ல இருக்கற கூட்டாளிங்ககிட்ட சொன்னா அங்கயும் இதே கூத்துதாங்கறாங்க.

போன வாரம் வருடாந்திர பொதுக்குழு நோட்டீஸ் வாட்ஸப்ல வந்துச்சு. கூட்டத்துக்கு ஒம்பதே நாள் இருக்கு, வடக்க ஒரு ஊர்ல. இங்கருந்து ரயில் டிக்கெட் கூட கெடைக்காது. அதே நோட்டீஸ் 2021ல கொரோனாவுல செத்துப்போன என் நண்பர் பேருக்கும் கூரியர்ல வந்திருக்கு, அவர் சம்சாரம் போன் பண்ணி இத என்னண்ணே பண்றதுன்னு கேக்குறாங்க. எனக்கு பதில் சொல்ல வரல. ஆளு போயி இத்தன வருஷம் ஆச்சு, சங்கத்து லிஸ்ட்ல இன்னும் ஓட்டு வச்சிருக்காரு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கான்ஃபரன்ஸோட சேத்து நடந்த பொதுக்குழுவுக்கு நானே நேர்ல போயிருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வரவு செலவு கணக்க திரையில போட்டாங்க. எறும்பு சைஸ்ல எழுத்து. 'கான்ஃபரன்ஸ் செலவு', 'இதர செலவு'ன்னு ரெண்டு வரிதான் என் கண்ணுக்கு தெரிஞ்சுது, இதரதான் பெருசா இருந்துச்சு. பின்னாடி பிரியாணி வாசன வந்துருச்சு, எல்லாரும் கைய தூக்கிட்டாங்க, பாஸ்.

எங்க காலத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல பிளீச்சிங் பவுடருக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் உண்டு. எந்த ஊர் கிணத்துக்கு எந்த தேதியில எத்தன கிலோ, கொசுப்புழுவுக்கு அபேட் மருந்து எத்தன மில்லி, எல்லாத்துக்கும் கையெழுத்து. ஒரு ஐப்பசி மழையில அர மூட்ட நமுத்து கட்டியாப் போச்சு, அதுக்கு ஆடிட்ல அப்ஜெக்‌ஷன் போட்டு மூணு வருஷம் விளக்கம் எழுதுனேன் சார். 1939ம் வருஷ பொது சுகாதார சட்டத்த காட்டி ஹோட்டல்காரருக்கும் பன்னி வளக்கறவருக்கும் நோட்டீஸ் குடுத்த கூட்டம் நாங்க. நாங்களே சேந்து நடத்தற சங்கத்துல ஒரு வவுச்சர பாக்க முடியல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு வக்கீல் தம்பிகிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம தமிழ்நாட்டு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல, கமிட்டி ஆளுங்களோட பதவிக்காலம் மூணு வருஷத்துக்கு மேல இருக்கக்கூடாது, மறுபடி தேர்ந்தெடுத்தாதான் தொடரலாம், வருஷா வருஷம் கணக்க பதிவாளர்கிட்ட குடுக்கணும். ஆனா எங்க சங்கம் தில்லியில பதிவானது, அங்க வெள்ளக்காரன் போட்ட 1860 சட்டம்தான், மொத்தமே 20 பிரிவு. நிர்வாகிங்க பேர் பட்டியல வருஷத்துக்கு ஒரு தடவ பதிவாளர்கிட்ட குடுக்கணும்னு இருக்கு, அங்க குடுத்த பேப்பர ஒரு ரூபா கட்டி யாரும் பாக்கலாம்னும் இருக்கு. சரி பரவால்லயேன்னு நெனச்சேன். ஆனா வருஷா வருஷம் ஆடிட் பண்ணி கணக்க தாக்கல் பண்ணணும்னு அதுல ஒரு வரி கெடயாது. அதனால ஒரு ரூபா கட்டுனா நிர்வாகிங்க பேர் தெரியும், எங்க காசு எங்க போச்சுன்னு தெரியாது. தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம்னா, அரசாங்கம் பெருமளவு பணம் குடுத்து நடத்தற அமைப்பா இருந்தாதான் அது செல்லும், எங்களது அப்படி இல்ல.

இதவிட எனக்கு உறுத்தறது ஸ்பான்சர் சமாச்சாரம். அந்த கான்ஃபரன்ஸ்ல குடுத்த பையில ஒரு கம்பெனி லோகோ, அவங்க குழந்தைகளுக்கான பவுடர் உணவும் விக்கறவங்க. குழந்தை உணவு தயாரிக்கறவங்க சுகாதார ஊழியருக்கோ அவங்க சங்கத்துக்கோ எந்த பணமும் குடுக்கக்கூடாது, செமினார் கான்ஃபரன்ஸ் செலவு உள்பட, 1992ல வந்த குழந்தை உணவு சட்டத்த 2003ல திருத்தி இறுக்குனப்ப இத சேத்தாங்க. நம்ம மாநில கிளை நிர்வாகி ஒருத்தர்கிட்ட கேட்டேன். "சார், அது வேற டிவிஷன் சார், ஹெல்த் டிரிங்க் டிவிஷன்"னாரு. தாய்ப்பாலுக்கு அடுத்து எத குடுக்கணும்னு நூறு கிராமத்துல கூட்டம் போட்டு சொல்லிக்குடுத்த கிராம சுகாதார செவிலியர் அந்தப் பைய தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தா பாக்கறவங்களுக்கு எந்த டிவிஷன்னு தெரியவா போகுது? உலக சுகாதார நிறுவனமே 2016ல வெளி அமைப்புங்களோட, கம்பெனிங்களோட எப்படி பழகணும்னு விதி எழுதி, புகையிலை கம்பெனியும் ஆயுதக் கம்பெனியும் கிட்டயே வரக்கூடாதுன்னு வச்சிருக்கு. எங்க சங்கத்துல அப்படி அர பக்கமாவது எழுதி வச்சிருக்கீங்களான்னா, அடுத்த கமிட்டி கூட்டத்துல பேசுவோங்கறாங்க.

அப்புறம் தேர்தல். ஓட்டு கான்ஃபரன்ஸ் நடக்கற ஊர்லதான், ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ் கட்டி ரூம் போட்டு தங்குனவங்கதான் போட முடியும். பேராசிரியருக்கு காலேஜ் டிராவல் அலவன்ஸ் குடுக்கும். ராமநாதபுரத்துல இருக்கற செவிலியருக்கு லீவே கெடைக்காது. அப்ப யார் திரும்பத் திரும்ப ஜெயிப்பாங்க? செயலாளரா இருந்தவர் தலைவராவாரு, தலைவர் புரவலராவாரு, மியூசிக்கல் சேர்தான், பாட்டு மட்டும் நிக்கறதில்ல. கொரோனா சமயத்துல கம்பெனிங்க எல்லாம் பொதுக்குழுவையே வீடியோவுல நடத்துச்சு, ஓட்டும் ஆன்லைன்ல போட்டாங்க. தபால் ஓட்டாவது வைங்களேன்னா விதியில இல்லங்கறாங்க. விதிய திருத்தவும் அதே கான்ஃபரன்ஸ் ஹாலுக்குத்தான் போகணும்.

ஒரேயடியா திட்டவும் மனசு வரல. இந்த சங்கத்து பத்திரிகைய படிச்சுதான் காலரா வந்த ஊர்ல மொதல்ல எத பாக்கணும்னு நான் ஒழுங்கா கத்துக்கிட்டேன், இப்பவும் சின்ன பசங்க நல்ல கட்டுரை எழுதுறாங்க. அதனாலதான் ராஜினாமா பண்ணாம உக்காந்திருக்கேன்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்ல. ஆடிட்டர் அறிக்கை கூட்டத்துக்கு 21 நாள் முன்னாடி எல்லா உறுப்பினருக்கும் வரணும், எந்த கம்பெனி எவ்வளவு குடுத்துச்சுன்னு அதுல ஒரு பக்கம் இருக்கணும், செத்தவங்க பேர லிஸ்ட்லருந்து எடுக்கணும். இதயே போன வருஷம் பதிவுத் தபால்ல எழுதி அனுப்புனேன். ஒப்புகை அட்டை நாலாவது நாளே சீல் குத்தி திரும்பி வந்துருச்சு. பதில இன்னும் காணோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
விருதுநகர் மாவட்டம்